ஒரு நெமேயாவுக்கு எத்தனை பழங்கள்?

பத்து யூரோகூட ஆகாத ஒரு கிரேக்கச் சிவப்பு ஒயின் புட்டியின் பின்புறச் சீட்டில் செர்ரி, பிளம், பட்டை, கிராம்பு, வனிலா, சாக்லேட் என்று மளிகைக் கடைச் சிட்டை போல ஒரு வரிசை இருக்கும். உள்ளே இருப்பதோ ஒரே வகைத் திராட்சையின் சாறு. கொரிந்துக்குத் தென்மேற்கே, நெமேயா வட்டாரத்தில் விளையும் அயோர்யீத்திகோ அது. நெமேயா என்ற பெயருக்கு 1971இல் சட்ட வரையறை வந்தது. அந்தப் பெயரில் விற்கும் ஒயினில் வேறு திராட்சை சேரக்கூடாது. அப்படியென்றால் இத்தனை பழமும் மசாலாவும் எங்கிருந்து வந்தன? கேலி செய்துவிட்டு நகர்வது எளிது. அந்தக் கேலியில் எனக்குப் பாதி உடன்பாடுதான்.

சுவைக்குறிப்பு எழுதுகிறவர் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறார். வாயில் நடப்பதைச் சொல்கிறார்; மூக்குக்குத் தோன்றுவதற்கு ஒப்புமை தேடுகிறார். முதல் வேலை பெரும்பாலும் நம்பத்தக்கது. விழுங்கியதும் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் புளிப்பு இருக்கிறது. ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்தால் துவர்ப்பு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய டானின், எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. (மேலைப் பாடநூல்கள் இதைச் சுவை என்று ஏற்பதில்லை, தொடு உணர்ச்சி என்கின்றன. அறுசுவைக் கணக்கில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான்.)

இந்த உணர்ச்சிகளுக்குப் பின்னால் நிலம் இருக்கிறது. நெமேயாவின் தாழ்வான பகுதிகளில் வெயில் கடுமை. பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அஸ்ப்ரோகாம்போஸ் போன்ற மேட்டுப் பகுதிகளில் இரவு குளிர்வதால் புளிப்பு தங்குகிறது. ‘புளிப்பு மட்டு, துவர்ப்பு மென்மை, தொண்டையில் சூடு’ என்று ஒருவர் எழுதினால் கொடி நின்ற இடத்தை ஓரளவு ஊகிக்கலாம். எதோடு சாப்பிடுவது என்பதும் புரிந்துவிடும். மலிவான ஒயினுக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

மணத்தைப் பற்றிய பேச்சு முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. சில சிவப்பு ஒயின்களில் வரும் மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அறிவித்தார்கள். மிளகிலும் அதே சேர்மம்தான் மணக்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை. ஆக, ‘மிளகு வருகிறது’ என்பவரும் ‘இல்லவே இல்லை’ என்பவரும் ஒரே மேசையில் உண்மை பேசிக்கொண்டிருக்கலாம். வனிலா பெரும்பாலும் ஓக் பீப்பாயின் கொடை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது, புட்டியைத் திருப்பித் தரலாம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1980களில் மணச் சக்கரம் ஒன்றை அமைத்தார். அதன் பயன் சொற்களை அடுக்கித் தந்ததோடு நிற்கவில்லை. சாதாரண ஒயினில் உண்மையான பழத்தையோ மிளகையோ போட்டு முகர்ந்து பழகச் சொன்னது அந்த முறை. சொல்லுக்கு ஒரு பொருளைச் சாட்சியாக வைத்தார்கள்.

சாட்சி இல்லாத சொல் என்ன ஆகும் என்பதற்குப் போர்தோவிலிருந்து 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்று போதும். மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். மூக்குக்கு முன்பே கண் எழுதிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில், ஒரே புட்டி ஒயினை மூன்று கோப்பைகளில் மற்றவற்றோடு கலந்து நடுவர்களிடம் வைத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். மதிப்பெண்ணில் நிலையாக நின்றவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். இன்னோர் ஆய்வில் ஒரே ஒயினைப் பத்து டாலர் என்றும் தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். தொண்ணூறு என்று சொன்னபோது அது கூடுதலாகப் பிடித்தது; மூளையின் இன்பப் பகுதியும் அதையே காட்டியது.

மலிவு ஒயினைக் கெடுப்பது இந்த விலைதான் என்பது என் எண்ணம். புளிப்பு குறைந்த மென்மையான நெமேயா விலை குறைவென்றால் ‘எளிமையானது, பீட்சாவுக்குச் சரி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதே மென்மை விலையுயர்ந்த புட்டியில் இருந்தால் ‘அடக்கம்’, ‘பட்டு’ என்று பத்தி நீளும். பழப்பட்டியலின் மிகையைவிட இந்த ஓரவஞ்சனைதான் எனக்கு உறுத்துகிறது.

பழங்களுக்கும் ஊர் உண்டு. கிரேக்கர்கள் புளிப்புச் செர்ரியைப் பாகில் இட்டு ‘வீசினோ’ என்று கரண்டியில் பரிமாறுவார்கள். அயோர்யீத்திகோவில் புளிப்புச் செர்ரி என்றால் அங்கே எல்லோருக்கும் விளங்கும். வடக்கே நாவூசாவின் சினோமாவ்ரோ ஒயினில் தக்காளியும் ஆலிவும் சொல்வது வழக்கம். இரண்டும் அவர்கள் உணவு மேசையில் இருப்பவை. ஆங்கிலத் தோட்டத்துப் பெர்ரிகளைக் கண்ணால் காணாத மதுரைக்காரர் நாவல்பழம் என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

குறிப்பே வேண்டாம் என்பவர்களும் உண்டு. கிரேக்கத் தவேர்னாக்களில் பீப்பாயிலிருந்து ஊற்றும் ‘ஹீமா’ ஒயினைக் கிலோக் கணக்கில் கேட்பார்கள். அரைக் கிலோ உலோகக் குடுவையில் வரும், யாரும் வருணிப்பதில்லை. இனிய பழக்கம்தான். ஆனால் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தெரியாததால் பிடித்ததை மறுபடி தேடி வாங்க வழியில்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றில் பாடிய நக்கீரரும் குளிர்ச்சி, மணம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அரிக்கமேட்டில் கிடைத்த சாடித் துண்டுகளில் கோஸ் தீவு வகையும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலக்கும் செய்முறையை ரோமானியரான கேட்டோ எழுதிவைத்திருக்கிறார். உப்புக் கரித்ததா என்று நக்கீரர் ஒரு சொல் சேர்த்திருந்தால் தொல்லியலாளர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

சீட்டை மறைத்து ஊற்றிக் குடித்த ஒரு நெமேயாவுக்கு நான் எழுதிய குறிப்பு இது: ஆழ்ந்த ஊதாச் சிவப்பு. புளிப்பு மட்டு, துவர்ப்பு ஈறைத் தொட்டுவிட்டுப் போகிறது. புளிப்புச் செர்ரி தெளிவு, கிராம்பு சந்தேகம், வனிலா இல்லை. அறைச் சூட்டில் சாராயம் தூக்குகிறது, 16 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடங்குகிறது. தக்காளி சேர்த்து வேகவைத்த ஆட்டிறைச்சிக்குப் பொருந்தும். இந்த ஆண்டுக்குள் குடித்துவிடலாம், சேர்த்து வைக்க வேண்டாம். விலை: எட்டு யூரோ.