பழைய ஜீப்பின் முதல் வேலை

பழைய ஜீப்பைப் புதுப்பிப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் தொடக்கம்தான். பெயின்ட், சீட் எல்லாம் பிறகு. முதலில் அடியில் குனிந்து சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறிய இடம் மந்தமான ஓசையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த சிஜே-3பி ஜீப்பின் பானெட் உயர்ந்திருப்பதற்குக் காரணம் உள்ளேயிருக்கும் ஹரிகேன் எஞ்சின். அதன் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன அந்த வடிவம், மஹிந்திராவின் தயாரிப்பாக நம் ஊர்ச் சாலைகளில் மேலும் பல்லாண்டு தொடர்ந்தது.

நெடுநாள் ஓடாத எஞ்சினை எடுத்ததும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, கையால் மெல்லச் சுற்ற வேண்டும். காஞ்சிபுரத்துத் தறியில் பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்த பிறகே நெசவு நகரும். அதே பொறுமைதான் இங்கும் முதலீடு.

கழற்றும் போல்ட்டுகளைப் படமெடுத்து, சீட்டு எழுதி, பைகளில் போட்டு வையுங்கள். கொல்லையில் ஜீப் நிற்கிறதா? காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள். ஒருமுறை தட்டிப் பாருங்கள்.