வியோலெத்தா பார்ராவின் சாக்குத்துணிச் சித்திரங்கள்

வியோலெத்தா பார்ரா (1917–1967) சிலி நாட்டுக் கவிஞர், பாடகர், நாட்டுப்பாடல் சேகரிப்பாளர். 'கிராசியாஸ் அ லா விதா' பாடலால் உலகம் அவரை அறியும். கம்பளி நூலால் அவர் தைத்த ஆர்பியேராக்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 'ஆர்பியேரா' என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் சாக்குத்துணி என்பதே பொருள். அத்துணியில் தைத்த படத்துக்கும் அதுவே பெயராயிற்று.

1950களின் இறுதியில் கல்லீரல் அழற்சியால் அவர் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. சும்மா இருக்க முடியாமல் ஊசியை எடுத்தார். தொடக்கத்தைப் பின்னாளில் அவரே வேடிக்கையாக விவரித்தார். ஒரு பூவைத் தைக்கப் பார்த்தார். தைத்து முடித்தபோது அது புட்டியாக இருந்தது. புட்டிக்கு மூடி வைத்தார். மூடி தலைபோலத் தெரிந்தது. கண், மூக்கு, வாய் வைத்தார். கடைசியில் அது தினமும் கோயிலுக்குப் போகும் ஒரு பெண்மணியானது!

இதைத் திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. பார்ரா தன் வாழ்க்கையையே 'தெசிமா' என்னும் பத்தடிச் செய்யுளில் எழுதியவர். அது 1970இல், அவர் மறைந்தபின், நூலாக வந்தது. தெசிமாவில் அடி ஈற்று இயைபு அடுத்த சொல்லை இழுத்து வரும். துணியில் ஒரு வடிவம் அடுத்த வடிவத்தை இழுத்து வருகிறது. முன்கூட்டி வரைந்துகொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. தையல் வகுப்பில் முதலில் கற்றுத்தரும் சங்கிலித் தையல் போன்ற எளிய தையல்களே அவர் கையாண்டவை. ஆர்பியேராக்களைத் தீட்டப்பட்ட பாடல்கள் என்று அவர் சொன்னதைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். ஆனால் பாட்டில் உள்ள யாப்புக்கட்டு துணியில் இல்லை. தையல்களில் காணும் துணிச்சலுக்கு அந்த விடுதலையே காரணம் எனலாம்.

அவருடைய குறியீடுகள் எல்லோருக்கும் விளங்குமா என்பது தனிக் கேள்வி. 'போருக்கு எதிராக' என்ற படைப்பில் அமைதியை விரும்பும் மனிதர்கள் நிற்கிறார்கள். புறாவும் துப்பாக்கியும் யாருக்கும் புரியும். ஊதா நிற உருவம் அவரே என்பதும், மலர்கள் அவரவர் ஆன்மா என்பதும் 1965இல் சுவிட்சர்லாந்துத் தொலைக்காட்சிப் படத்தில் அவர் விளக்கியதால் தெரிய வந்தவை. வியோலெத்தா என்ற பெயரே நிறமானது. (தமிழிலும் பலர் 'வயலட்' என்றே சொல்வதால் நமக்கு இது எளிதில் பிடிபடும்.) 'பிகினியில் கிறிஸ்து'விலோ தலைப்புதான் அணுகுண்டுச் சோதனைகளை நினைவூட்டுகிறது. தலைப்பை மறைத்தால் பொருளில் பாதி போய்விடும். இது அவர் கலையின் உண்மையான பலவீனம். 'போருக்கு எதிராக' அப்படியல்ல. விளக்கம் தெரியாதவரையும் அதன் நிறங்கள் நிறுத்திவிடும்.

1964இல் பாரிசில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 'லூவரில் காட்சி வைத்தவர்' என்று பெருமையாக எழுதுவார்கள். அது லூவர் அரண்மனைக் கட்டடத்தில் இருந்த அலங்காரக் கலை அருங்காட்சியகம். ஓவியங்களோடு வைக்கப்படாமல் அலங்காரப் பொருள்களின் இல்லத்தில் இடம்பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஊசிவேலையைக் கைவினை என்று ஒதுக்கும் பழக்கம் எங்கும் உண்டு. 'கள்ளமற்ற கலை' என்ற பாராட்டிலும் அந்த ஒதுக்கல் ஒளிந்திருக்கிறது.

1967 பிப்ரவரியில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதைக் கொண்டு எல்லாத் தையல்களிலும் துயரத்தைத் தேடுவோர் உண்டு. சர்க்கஸ், கடற்போர், பாடும் பெண்கள் என்று கூட்டமும் இரைச்சலும் நிறைந்த துணிகளில் அப்படித் தேடுவது பொருந்தாது.

1973 இராணுவப் புரட்சிக்குப் பின் சிலிப் பெண்கள் தைத்த எதிர்ப்பு ஆர்பியேராக்களுக்கு அவரைத் தாய் என்பார்கள். பெயர் ஒன்றானாலும் முறை வேறு. அவர்கள் துணித்துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தார்கள். காணாமல் போன உறவினரின் பழைய உடைகளும் சில வேளை அதில் சேர்ந்தன. பார்ரா விளக்கத்தைத் துணிக்கு வெளியே, தன் வாயால் சொன்னார். இந்தப் பெண்களோ 'எங்கே இருக்கிறார்கள்?' என்ற கேள்வியைத் துணியிலேயே எழுத்தாகத் தைத்தார்கள்.