கடலை ஒட்டிப் பறப்பதால் ஆகும் லாபமும் நஷ்டமும்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றதும் தோல் தொழில்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அதே வட்டாரத்தில், 2019 வரை வேலூர் மாவட்டத்தோடு இருந்த அரக்கோணத்தில், நீர்மூழ்கிகளைத் தேடும் விமானங்களின் தளம் இருக்கிறது. 1992இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து 2017 வரை ரஷ்யத் தயாரிப்பான டியூ-142 விமானங்கள் பறந்தன. 2013இல் அமெரிக்கத் தயாரிப்பான பி-8ஐ வந்தது. வேகமான இந்த ஜெட் விமானம் அலைகளை ஒட்டிப் பறக்கத்தான் வேண்டுமா என்பது தீர யோசிக்க வேண்டிய கேள்வி.

தாழப் பறப்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. பி-8ஐயின் வால் பகுதியில் காந்தப்புல மாற்றத்தைக் கண்டறியும் கருவி இருக்கிறது. நீர்மூழ்கியின் எஃகு உடல் பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு பிசகை அது உணரும். ஆனால் தூரம் இரு மடங்கானால் அந்தச் சமிக்ஞை எட்டில் ஒரு பங்காகிவிடும். 100 மீட்டர் ஆழத்தில் நீர்மூழ்கி இருப்பதாகக் கொள்வோம். விமானம் 60 மீட்டர் உயரத்தில் நேர் மேலே பறந்தால் இடைவெளி 160 மீட்டர். 300 மீட்டர் உயரத்தில் பறந்தால் 400 மீட்டர். இந்த வித்தியாசத்துக்கே சமிக்ஞை ஏறக்குறைய 16 மடங்கு மங்கிவிடும். ஆகவே இந்தக் கருவி வேலை செய்யத் தாழ இறங்கியே ஆக வேண்டும்.

நீர்ப்பரப்பே விமானத்தைத் தாங்கிக்கொள்ளும், எரிபொருளும் மிச்சமாகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் உண்மை. இறக்கை நுனிகளில் உருவாகும் காற்றுச் சுழல்கள் பின்னிழுக்கும் விசையின் ஒரு பகுதிக்குக் காரணம். பரப்பு மிக அருகில் இருந்தால் அந்தச் சுழல்கள் முழுமையாக விரிய முடியாது. அந்த இழுவையும் குறையும். இறக்கை விரிவில் பத்தில் ஒரு பங்கு உயரத்தில் அது ஏறக்குறையப் பாதியாகும். கால் பங்கு உயரத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே குறையும். முழு விரிவின் உயரத்தில் குறைவது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. பி-8ஐயின் இறக்கை விரிவு சுமார் 37.6 மீட்டர். 60 மீட்டரில் பறக்கும்போது இந்தச் சலுகை அதற்குக் கிடைக்கவே கிடைக்காது. அதோடு, வேகம் கூடக்கூடச் சுழலால் வரும் இழுவை தானாகவே குறைந்து, உடலோடு காற்று உராய்வதால் வரும் இழுவை ஏறும். வேகமாகப் பறப்பவருக்கு மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

நஷ்டமோ கண்ணெதிரே தெரிகிறது. கடல்மட்டக் காற்றின் அடர்த்தி 10 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு. தாழப் பறக்கையில் ஜெட் எஞ்சின் எரிபொருளைத் தாராளமாகக் குடிக்கும்; தேடுவதற்கு மிஞ்சும் நேரம் சுருங்கும். அடர்ந்த காற்றில் வரும் ஒவ்வொரு குலுக்கலும் இறக்கையைப் பலமாக வளைத்து உலோகத்தைச் சோர்வடையச் செய்யும். உப்புத் துகள் எஞ்சினையும் உடலையும் அரிக்கும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும்.

விமானிக்குக் கிடைக்கும் அவகாசத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில், 60 மீட்டர் உயரத்தில், மூக்கு 5 டிகிரி கீழ்நோக்கிச் சரிந்த பாதையில் போனால் ஏழு விநாடிக்குள் தண்ணீர். 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஒரு பக்க இறக்கை நுனி ஒன்பது மீட்டருக்கு மேல் கடலை நெருங்கிவிடும்.

அமெரிக்கக் கடற்படை தன் பி-8ஏ விமானங்களில் எடையைக் குறைக்கக் காந்தக் கருவியையே விட்டுவிட்டது. உயரத்திலிருந்து ஒலிமிதவைகளைப் போட்டு, அவை அனுப்பும் ஓசையை வைத்துத் தேடுவது அவர்கள் வழி. அதிலும் குறை உண்டு. ஆற்று நன்னீர் மேலே படியும் வங்கக் கடலில் ஒலி நேர்வழியில் போவதில்லை, அடுக்குகளில் வளைந்துவிடும். காந்தப்புலத்துக்கு அந்தத் தடை கிடையாது. தான் கண்காணிக்கப்படுவதும் நீர்மூழ்கிக்குத் தெரியாது.

அதனால் காந்தக் கருவியை வைத்துக்கொண்ட இந்தியாவின் முடிவு சரியானதே. ஆனால் அது எட்டும் தூரம் சில நூறு மீட்டர்தான். பரந்த கடலை அதை வைத்துத் துழாவ முடியாது. உயரத்தில் இருந்தபடி ஒலியால் தேடி, இடத்தைக் குறுக்கி, சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் சில நிமிடம் கீழே இறங்கி உடனே ஏறிவிடுவதே அறிவான முறை. தாழப் பறப்பது வீரத்தின் அளவுகோல் ஆகிவிடக் கூடாது. பெறப்போகும் தகவலின் மதிப்பு அந்த ஏழு விநாடி ஆபத்துக்கு ஈடாகுமா என்று ஒவ்வொரு முறையும் எடைபோட்டே இறங்க வேண்டும்.