கோலுக்கு முதுகு காட்டி நின்றவர்

சிங்கப்பூர்த் தமிழ் ரசிகர்களிடம் காற்பந்துக் கலைஞர் யார் என்று கேட்டால் வி. சுந்தரமூர்த்தியின் பெயர்தான் முதலில் வரும். பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் எதிரே நிற்பவருக்கு எந்தப் பக்கம் சாய்வதென்றே தெரியாது. அரங்கமே எழுந்து நிற்கும். அந்த மயக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எழுந்து நின்று ஆர்ப்பரிக்க வைக்காமல், உட்கார்ந்து கவனிக்க வைக்கும் வேறொரு கலையும் இதே திடல்களில் பதினைந்து ஆண்டுகள் நடந்தது. அதை ஆடியவர் போஸ்னியாவிலிருந்து வந்த அலெக்சாந்தர் டூரிச். அவர் அடித்த கோல்களை எண்ணிவைத்திருக்கிறோம், ஆட்டத்தை ரசித்தோமா என்றால் போதிய அளவு ரசிக்கவில்லை என்றே சொல்வேன்.

அவர் நடுத் தாக்குதல் ஆட்டக்காரர். ஆட்டத்தின் பெரும்பகுதியில் எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடிதான் நிற்பார். பின்னாலிருந்து ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் இடித்துக்கொண்டே இருப்பார். தொலைவிலிருந்து உதைத்த பந்து மேலே போய் இறங்கத் தொடங்கும். நம் கண் பந்தோடு போகும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் டூரிச்சின் வேலை நடக்கும். அரை அடி பின்னால் நகர்ந்து, இடிப்பவரின் மேல் தன் எடையைச் சாய்ப்பார். எகிறுவதற்குத் தேவையான இடம் அந்த மனிதருக்கு இல்லாமல் போகும். இனி அவர் எகிறினாலும் தாமதம், எகிறாவிட்டாலும் தோல்வி. பந்து இறங்கும்போது போட்டி முடிந்திருக்கும். நெஞ்சில் வாங்கி, ஓடிவரும் நடுத்திடல் ஆட்டக்காரரிடம் தட்டிக் கொடுத்துவிட்டு, தூரத்துக் கம்பத்தை நோக்கிக் கிளம்பிவிடுவார். பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததுபோல் இருக்கும்.

தற்காப்பு ஆட்டக்காரர் எப்படி யோசிப்பார் என்பது தெரியாமல் இந்த ஆட்டத்தை ஆட முடியாது. தன் அணிக்கு எதிராகக் கார்னர் விழுந்தால் அவரே ஓடிவந்து, முதல் கம்பத்தருகே நின்று தலையால் பந்தை வெளியே தள்ளுவார். அப்போது அவர் முழுத் தற்காப்பு ஆட்டக்காரர். காத்து நிற்பவர் எந்த நொடியில் பயப்படுவார் என்பதை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால்தான், தாக்கும்போது அந்த நொடிக்காகக் காத்திருக்க முடிந்தது.

இடிப்பவரைத் தாங்கும் அந்த இடுப்பும் தோளும் திடலில் மட்டும் உருவானவையல்ல. 1970இல் டோபோய் அருகே பிறந்த டூரிச் படகோட்டியும்கூட. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில், போஸ்னியா தனிநாடாகக் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக்கில், கனூ போட்டியில் துடுப்புப் போட்டார். அந்தப் படகில் ஒற்றைக் காலில் மண்டியிட்டு, ஒரே பக்கமாகத் துடுப்பு வலிக்கவேண்டும். அப்போது படகு சாயாமல் பார்த்துக்கொள்வது இடுப்பின் வேலை. ஒருபுறத்து விசையை உடம்பின் நடுவில் வாங்கி நேராக்கும் பயிற்சி அது. முதுகில் ஒருவர் இடிக்கும்போது சாயாமல் நிற்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

போஸ்னியப் போர் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. தாயைப் போரில் பறிகொடுத்தார். ஹங்கேரி, ஆஸ்திரேலியா என்று அலைந்து, 1999இல் தஞ்சோங் பகார் யுனைடெட்டுக்கு ஆட வந்தார். பிறகு ஹோம் யுனைடெட், கேலாங், ஆயுதப் படை அணி, தெம்பனிஸ் ரோவர்ஸ். சிங்கப்பூர் லீக்கான எஸ்-லீக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட கோல்கள். வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டத்தின் வழியாக அல்லாமல், மற்றக் குடியேறிகளைப்போலத் தானே விண்ணப்பித்து 2007இல் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் தஜிகிஸ்தானுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் முதன்முதலாகத் தேசியச் சட்டை அணிந்தார். 2-0 என்று வென்ற அந்த ஆட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவை. வயது 37.

நாற்பது வயதுக்காரர் கோல் போடுகிறார் என்றால் லீக்கின் தரம் அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. லீக்கைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 2012 நவம்பர் 25ஐ அவர்கள் எங்கே வைப்பார்கள்? கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில், நடப்பு வெற்றியாளரான மலேசியாவை ஆசியான் வெற்றியாளர் போட்டியில் சிங்கப்பூர் 3-0 என்று சாய்த்தது. முதல் இரண்டும் ஷாரில் இஷாக் அடித்தவை. மூன்றாவது டூரிச், 42 வயதில். ராடி அவ்ராமோவிச் போன்ற கண்டிப்பான பயிற்றுவிப்பாளர் அந்த வயதில் ஒருவரை அணியில் வைத்திருந்தது இரக்கத்தால் அல்ல.

அந்தத் தொடரின் இறுதியாட்டத்தின் முதல் சுற்று நம் ஜாலான் புசார் அரங்கில் நடந்தது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். 1929இல் திறந்த அரங்கம், ஆறாயிரம் பேர்தான் கொள்ளும். அங்கே இருக்கைக்கும் கோட்டுக்கும் அதிக இடைவெளி இல்லை, தோளோடு தோள் மோதும் சத்தம் காதில் விழும். டூரிச்சின் கலைக்கு ஏற்ற அரங்கு இதுதான். பெரிய அரங்குகளில் தொலைந்துபோகிற அந்த அரையடி நகர்வு இங்கே தெளிவாகத் தெரியும். அன்று தாய்லாந்தை 3-1 என்று வென்றோம். கடைசி நிமிடங்களில் மூன்றாவது கோலைப் போட்டவர் பைஹாக்கி கைசான், ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். 1998இல் இதே போட்டியின் ஹனோய் இறுதியாட்டத்தில் ஒரே கோலை அடித்த ஆர். சசிகுமாரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். நம் கிண்ணங்களில் பின்வரிசைக்காரர்களின் கை நிறைய இருக்கிறது. அவர்களை இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம்.

டூரிச் 44 வயதில், 2014இல் ஓய்வு பெற்றார். 2016இல் ஆக்டிவ்எஸ்ஜி காற்பந்துப் பயிற்சிக்கழகம் தொடங்கியபோது அதன் முதல்வரானார். பிள்ளைகள் எல்லாரும் பந்தை வெட்டி ஆட ஆசைப்படுவார்கள், அது இயல்பு. பந்து வருமுன் எங்கே நிற்பது என்பதைச் சொல்லித்தர அவரைவிடத் தகுதியானவர் இந்தத் தீவில் அதிகம் பேர் இல்லை.

அடுத்த முறை ஜாலான் புசாருக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல், நடுத் தாக்குதல் ஆட்டக்காரரையும் அவரைக் காப்பவரையும் மட்டும் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப்போய் அதைக் காட்டுங்கள்.