காத்தான் கூத்தும் அடியார் நகையும்

மேனாடுகளில் அறிவியற் புனைகதை அன்பர்கள் மாநாடு கூட்டுவது வழக்கம். தாம் போற்றும் கதையையே எள்ளும் குறுநாடகங்களை அங்கே அவ்வன்பர்களே எழுதி நடிப்பர். அன்புடையார் எள்ளலாமோ என ஐயுறுவோர், உடையார்கட்டு முதலாய ஊர்களைக் கொண்ட வன்னிநிலத்துக்குப் பழக்கமான காத்தவராயன் கூத்தை நோக்குக.

மாரியம்மனுக்கு நேர்த்தியாக ஆடப்படும் இக்கூத்தில் நடிப்போர் பெரும்பாலும் ஊரவரே, அம்மனின் அடியவரே. காத்தான் கழுவேறுங்கால் கண்கலங்கும் அவை, அதற்கு முன்னரே சின்னானின் குறும்புக்கும் டாப்பர் மாமாவின் கோணற் பேச்சுக்கும் வயிறு குலுங்கச் சிரித்த அவைதான். பாடல்கள் மரபுவழி வருவன. நகைப்பேச்சோ பெரிதும் நடிகனின் சொந்த ஆக்கம். ஊர்க் கஞ்சனும் கடனாளியும் அதில் தலைகாட்டுவர். கதையை அடிமுதல் முடிவரை அறிந்த அவையிலேதான் இது செல்லும். அறியாதார் முன் வெறுங் கூச்சலாய் முடியும். தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று. இங்குள்ள எள்ளலிலோ இகழ்ச்சி இல்லை, உரிமை உண்டு.

எல்லா நகையும் நன்றென்று யாம் கூறவில்லை. திரைப்படச் சிரிப்பை அப்படியே பெயர்த்து வைப்பாரும் உளர். உடற்குறையைப் பழிக்கும் பேச்சு எமக்கு உடன்பாடன்று. ஆயினும், விடிய விடிய ஆடுங் கூத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்குவோர் நகைப்பகுதியையே முதலில் வெட்டுதல் தகாது. பாடல் அச்சிலேனும் தங்கும். நகைப்பேச்சுக்கு நடிகன் நாவே ஏடு. 2009ஆம் ஆண்டுப் போரில் உடையார்கட்டு மக்கள் ஊரைவிட்டு அகல நேர்ந்தது. மீண்டவருள் பழைய சின்னான் வேடத்தார் எவரேனும் இருப்பின், அவர் பேச்சை இவ்வாண்டே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும்.