டில்லி அத்தையும் அச்சுப்பொறியும்

கட்டற்ற மென்பொருள் இயக்கம் தோன்றியதில் ஓர் அச்சுப்பொறிக்கும் பங்கு உண்டு. 1980-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த லேசர் அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் உடனே செய்தி வரும்படி அதன் நிரலைத் திருத்த விரும்பினார். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. நிரலைப் படிக்கவும் திருத்தவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வலுத்தது. 1983-இல் 'குனூ' திட்டத்தை அறிவித்தார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், மூலநிரல் முழுவதும் திறந்திருந்தும் ஒருவர் அச்சிட முடியாமல் திண்டாடினார். அவர் பாமரர் அல்லர். திறந்த மூலநிரல் முறையின் சிறப்பை 1997-இல் 'கதீட்ரலும் பஜாரும்' என்ற கட்டுரையால் உலகறியச் செய்த எரிக் ரேமண்ட். தம் திண்டாட்டத்தை 2004 பிப்ரவரியில் அவர் ஒரு கட்டுரையாக எழுதினார். 'அறியாதிருக்கும் சொகுசு' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம்.

நடந்தது இதுதான். வீட்டில் மனைவியின் கணிப்பொறியோடு இணைந்திருந்த அச்சுப்பொறியில், தம் லினக்ஸ் கணிப்பொறியிலிருந்து அச்சிட அவர் முயன்றார். அமைப்பு நிரலோ, எந்த வகை அச்சு வரிசை வேண்டும் என்று கேட்டு, சுருக்கெழுத்துப் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை நீட்டியது. கடிதம் போட வந்தவரிடம், "இது எந்த ரயிலில், எந்தப் பெட்டியில் போகவேண்டும்?" என்று தபால் நிலையம் கேட்பதைப் போன்றது இது! வலையமைப்பை நிரலே சோதித்துப் பார்த்து, பொருந்தாதவற்றை நீக்கியிருக்கலாமே என்பது ரேமண்டின் வாதம். கணிப்பொறி நுட்பம் அறியாத 'டில்லி அத்தை' என்ற கற்பனைப் பெண்ணை (டில்லி இங்கே ஊர்ப் பெயரன்று) மனத்தில் வைத்து நிரல் எழுதுங்கள் என்கிறார் அவர்.

பயன்படுத்துபவரின் அறியாமையைக் குற்றமாகக் கருதாமல், அது அவருக்குரிய சொகுசு என்று கூறிய துணிவே இக்கட்டுரையின் பெருமை. "கையேட்டைப் படி" என்று விரட்டுவதே பதிலாக இருந்த வட்டாரத்தில் இது சிறிய செயல் அன்று.

ஆயினும் ஒரு கேள்வியை அவர் போதிய அளவு ஆராயவில்லை. பல கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் எளிதில் சிக்கிவிடும் என்று 1997-இல் சொன்னவர் அவரே. அப்படியானால் இந்தப் பிழை மட்டும் ஏன் தப்பியது? அந்தக் கண்கள் யாவும் நிரலைப் படிக்கத் தெரிந்தவர்களின் கண்கள். விடை தெரிந்தவருக்குக் கேள்வியின் கடினம் புலப்படுவதில்லை. நிரல் பாதியில் நின்றுபோனால் புகார் எழுதுவார்கள். கேள்வி புரியாமல் விழித்தவரோ புகார் எழுதுவதில்லை, பேசாமல் எழுந்து போய்விடுகிறார்.

அவர் கூறும் மருந்தும் பாதி மருந்தே. கற்பனை அத்தை, கற்பனை செய்பவருக்குத் தெரிந்த இடங்களில் மட்டுமே தடுக்கி விழுவாள்! உண்மை மனிதர்களை உட்காரவைத்துக் கவனிப்பதே முறை. 2001-இல் சன் நிறுவனம் 'க்னோம்' திரைச் சூழலை அவ்வாறு சோதித்து, கண்ட குறைகளை வெளியிட்டது. 2002-இல் வந்த க்னோம் இரண்டாம் பதிப்பில் தேவையற்ற தெரிவுகள் பல குறைக்கப்பட்டன.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. க்னோம் பயனர்களை மூடர்களாக எண்ணுகிறது என்று 2005-இல் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் சாடினார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எளிமை என்ற பெயரில் கதவுகளை அடைத்துவிடலாகாது. ஆனால் எளிமைக்கும் ஆழத்துக்கும் பகை இல்லை என்பதற்கு ரேமண்டைத் திண்டாடவைத்த அச்சு மென்பொருளான 'கப்ஸ்' என்பதே சான்று. 2002 முதல் ஆப்பிளின் மேக் ஓ.எஸ். எக்ஸ் அதையே பயன்படுத்தியது. உள்ளே இருந்தது அதே எந்திரம். முகப்பு மட்டும் வேறு. மேக் பயனர்களில் பெரும்பாலோருக்குக் கப்ஸ் என்ற பெயர்கூடத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, கடினம் என்பது திறந்த மூலநிரலின் பிறவிக் குணம் அன்று. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மூலநிரல் திறந்திருந்தும் முதல் திரையிலேயே ஒருவர் திரும்பிப் போனால், அந்தச் சுதந்திரம் அவரை எட்டவில்லை. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் ரேமண்டின் கட்டுரையைப் படிப்பது நல்லது. படித்தபின், தாம் எழுதிய நிரலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பத்து நிமிடம் பார்க்கட்டும். குறிப்பேடு ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.