‘காட்சி’: திருக்காளத்தி மலையடியில் ஒரு சொல்

மலை, அருவி, கடற்கரை ஆகியவற்றின் எழிலைச் சுட்ட இன்றைய தமிழ் ‘இயற்கைக் காட்சி’ என்னும் தொடரை ஆள்கிறது. அதே ‘காட்சி’, திருப்பதியிலும் திருக்காளத்தியிலும் வழிபடும் தமிழர் வாயில் இறைவனின் தோற்றத்தைக் குறிக்கிறது. இவை ஒரு சொல்லின் இருவேறு பொருள்களா, ஒரு பொருளின் இரு பக்கங்களா என்னும் வினாவுக்குப் பெரியபுராணத்தை மொழிபெயர்ப்போர் ஓரிடத்திலேனும் விடை கூறியாக வேண்டும்.

சொல்லின் பிறப்பில் ஐயமில்லை. ஆள் ‘ஆட்சி’ எனவும், மீள் ‘மீட்சி’ எனவும் ஆவதுபோலக் காண் என்னும் வினையடி ‘சி’ விகுதி பெற்றுக் ‘காட்சி’ ஆயிற்று. காணும் செயலும் காணப்படும் பொருளும் அதில் அடங்கும். அளவை நூலார் அதனைப் புலனறிவுக்கு வழங்கினர். தொல்காப்பியப் புறத்திணையியலில் நடுகற்குரிய கல்லைத் தேர்ந்து காணும் துறைக்கு அதுவே பெயர்.

மலையின் எழிலுக்குப் பழந்தமிழ் விரும்பிய சொல்லோ ‘வளம்’. சிலப்பதிகாரக் காட்சிக் காதையில் செங்குட்டுவன் காணப் புறப்படுவது மலைவளத்தையே. வளம் என்பதில் கண்ணுக்கினிய தோற்றத்தோடு தேன், சந்தனம், யானைக்கோடு முதலிய மலைபடு பொருள்களும் அடங்கும். இன்றைய ‘இயற்கைக் காட்சி’யில் இப்பயன்பொருள்கள் உதிர்ந்துபோயின, பார்ப்பவர் கண்ணுக்குரியது மட்டுமே எஞ்சிற்று.

இனி, 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் கண்ணப்ப நாயனார் புராணத்தில் அமைத்த உரையாடலை நோக்கலாம். பன்றியைத் துரத்திக் கொன்ற திண்ணனார் தண்ணீர் தேடுகிறார். தேக்குமரத்துக்கு அப்பால் உயர்ந்த குன்றும் அதன் பக்கத்தே பொன்முகலியாறும் உள்ளன என்கிறான் நாணன். அங்கே தோன்றும் குன்றுக்குச் செல்வோம் என்று திண்ணனார் கூற, சென்றால் நல்ல காட்சி காணலாம் என்று கூறும் நாணன், அதன்பின்னரே மலைமேல் குடுமித்தேவர் இருப்பதையும் கும்பிடலாம் என்பதையும் தெரிவிக்கிறான். காண் என்னும் அடி அங்கு ஓரடியிலேயே மூன்று வடிவங்களில் வருகிறது. ‘காட்சியே’ என்பதிலுள்ள ஏகாரத்தைத் தேற்றமாகக் கொள்வதா, பிரிநிலையாகக் கொள்வதா என்பதும் எண்ணத்தக்கது.

இந்தக் காட்சி மலையழகா, இறைதரிசனமா? எழில் மட்டுமே கருத்தாயின் ‘வளம்’ என்ற சொல் சேக்கிழாருக்கு ஆயத்தமாக இருந்தது. தரிசனம் மட்டுமே கருத்தாயின் தேவரைக் கூறிய பின்னரே காட்சியைக் கூறுதல் இயல்பு. இங்கோ வரிசை மாறியுள்ளது. திண்ணனாரின் மறுமொழியும் இருபாலாகவே அமைகிறது. மலையைக் கண்டு நெருங்குந்தோறும் தம்மேலுள்ள பாரம் குறைவதுபோல் உள்ளது என்று முதலிற் கூறுகிறார். நெஞ்சு வேறொரு விருப்பத்தோடு விரைகிறது என்றுரைத்துத் தேவர் இருக்கும் இடத்தைக் கேட்பது அதன் பின்னரே. குன்றைக் காண்பதிலிருந்து தேவரைக் காண்பதற்குச் செல்லும் அந்த நகர்ச்சிக்குக் ‘காட்சி’ என்ற ஒரு சொல்லே பாலமாக நிற்கிறது.

‘தரிசனம்’ எனப் பெயர்த்தால் மலையேறும் முன்பே திண்ணனார் பக்தராகிவிடுவார். வேட்டுவன் ஒருவன் மலையைப் பார்க்கப் போனான் என்ற செய்தி அழியும். ‘எழிற்காட்சி’ எனப் பெயர்த்தாலோ அவர் பொழுதுபோக்குப் பயணியாவார். இரண்டாவது பிழையே பெரிது. நாணனின் சொல்லில் மறைந்துள்ள முன்னறிவிப்பு அதில் முற்றும் தொலைகிறது.

தெலுங்கில் பெயர்ப்போர்க்கு இடர் மிகுதி. ‘திருசியம்’, ‘தரிசனம்’ இரண்டும் ஒரே வடமொழி வேரினவாயினும் வழக்கில் முன்னது இயற்கைக்கும் பின்னது கோயிலுக்கும் எனப் பிரிந்துவிட்டன. தமிழின் காண் என்பதற்கு இனமான ‘கனு’ தெலுங்கிலும் உண்டு. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவற்றோடு தமிழின் ‘காணிக்கை’யையும் தெலுங்கின் ‘கானுக’வையும் சேர்த்தே தருகிறது. பின்னர்த் தம் கண்ணையே அளிக்கும் திண்ணனாரின் கதையில் இவ்வுறவு கவர்ச்சி மிக்கது. ஆயினும் சேக்கிழார் அதனைச் சுட்டவில்லை. சொற்பிறப்பைப் பாடலின்மேல் ஏற்றிப் பொருள்கொள்ளுதல் முறையன்று.

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ள ஸ்ரீகாளஹஸ்தி மக்களின் அன்றாடத் தெலுங்கில் ‘சூடதகினதி’, அதாவது பார்க்கத்தக்கது, என்ற எளிய சொல் உண்டு. அது மலைக்கும் பொருந்தும், மலைமேல் உள்ளவர்க்கும் இடம் விடும். நாணன் ஒரு வேடன். அவன் வாய்க்கு அச்சொல் இசையும்.